எந்தப் பாரத்தை யார் சுமப்பது?

சகோதரி, உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். விசுவாசத்துக்கு வந்து 6 ஆண்டுகள் ஆகின்றன என்றும், வேலை மாற்றம் முதல் ஒரு நாள் உபவாசம் வரை எதையும் ஜெபக்குழுவை நடத்தும் அக்காவிடம் தொலைபேசியில் கேட்காமல் தீர்மானிக்க முடிவதில்லை என்றும், அண்மையில் ஒரு பிரசங்கத்தில் எரேமியா 17:5 வசனத்தைக் கேட்ட நாளிலிருந்து இந்தப் பழக்கமே சாபத்துக்குரியதோ என்று பயப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பிறரில் எவ்வளவு தங்கியிருக்கலாம், எவ்வளவு தனியே நிற்கவேண்டும் என்று ஓர் அளவைக் கேட்கிறீர்கள். அந்த வரிகளுக்கு அடியில் எனக்குக் கேட்டது வேறொரு கேள்வி. என்னிடம் இருப்பது என் சொந்த விசுவாசந்தானா, இல்லை அக்காவின் விசுவாசத்தை இரவல் வாங்கி வைத்திருக்கிறேனா என்பதே அது. இதை நீங்கள் கேட்கத் துணிந்ததே நல்ல அடையாளம் என்று நினைக்கிறேன். முழுவதும் இரவலில் வாழ்கிறவருக்கு இந்தச் சந்தேகம் வருவதில்லை.

நான் இறையியல் கற்று, யாழ்ப்பாணத்தின் வலிகாமத்திலும் தீவகத்திலுமாக 32 ஆண்டுகள் சபைப் போதகராக இருந்து ஓய்வுபெற்றவன். வேதாகமம் தெளிவாகச் சொல்கிறவற்றை உறுதியாகவும், என் அனுபவத்தால் மட்டும் சொல்கிறவற்றை அப்படியே அனுபவம் என்றும் பிரித்து எழுத முயல்கிறேன்.

முதலில் உங்களைப் பயப்படுத்திய வசனம். ‘மனுஷன்மேல் நம்பிக்கை வைத்து, மாம்சமானதைத் தன் புயபலமாக்கிக்கொண்டு, கர்த்தரை விட்டு விலகுகிற இருதயமுள்ள மனுஷன் சபிக்கப்பட்டவன்’ என்று அது முழுமையாக நிற்கிறது. பிரசங்கங்களில் அதன் முதற் சொற்கள் மட்டும் எடுத்துச் சொல்லப்படுவதுண்டு. சாபம் விழுவது கர்த்தரை விட்டு விலகுகிற இருதயத்தின்மேல் என்பதை வாக்கியத்தின் கடைசிப் பகுதிதான் காட்டுகிறது. அதைவிட முக்கியமாக, இதைச் சொன்ன எரேமியாவுக்குப் பின்னால் நடந்ததைப் பாருங்கள். 38ஆம் அதிகாரத்தில் அவரைத் தண்ணீரில்லாத, சேறு நிறைந்த துரவிலே கயிறு கட்டி இறக்கிவிடுகிறார்கள்; அவர் சேற்றில் அமிழ்ந்துபோகிறார். அரண்மனையில் இருந்த எபெத்மெலேக் என்ற எத்தியோப்பியன் ராஜாவிடம் பேசி அனுமதி பெற்று, 30 பேரைக் கூட்டிக்கொண்டு, கிழிந்துபோன பழைய துணிகளையும் எடுத்துக்கொண்டு வருகிறான். கயிறு தோலை அறுக்காதபடி அந்தத் துணிகளை அக்குள்களில் வைத்துக்கொள்ளும்படி மேலிருந்து சொல்லி அனுப்புகிறான். மனுஷன்மேல் நம்பிக்கை வைக்காதே என்று சொன்ன தீர்க்கதரிசி, இன்னொரு மனுஷன் இறக்கிய கந்தைத் துணியை அக்குளில் இடுக்கிக்கொண்டு மேலே வந்தார். அதில் அவர் எந்த முரண்பாட்டையும் காணவில்லை. அடுத்த அதிகாரத்தில், நீ என்னை நம்பினாய் என்று கர்த்தர் எபெத்மெலேக்கையே பாராட்டுகிறார். கயிற்றைப் பிடித்திருந்தவனுடைய கைகளும் கர்த்தரை நம்பிய கைகளே. ஆகையால் உதவி கேட்பதும் உதவி பெறுவதும் தன்னளவில் அந்தச் சாபத்துக்குள் வராது என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

இனி உங்கள் கேள்வியின் நடுவுக்கு வருகிறேன். கலாத்தியர் 6ஆம் அதிகாரத்தில் பவுல் இரண்டாம் வசனத்தில் ‘ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து’ என்கிறார். மூன்று வசனம் தள்ளி, ‘அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே’ என்கிறார். நம்முடைய பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இரண்டு இடத்திலும் பாரம் என்ற ஒரே சொல் நிற்பதால், இளைஞர் வேதபாட வகுப்புகளில் யாராவது ஒருவர் எழுந்து, பவுல் தன்னையே மறுக்கிறாரா என்று தவறாமல் கேட்பார். கிரேக்க மூலத்தில் சொற்கள் வேறு. முதலாவது பாரொஸ்: ஒருவரை அழுத்தி நசுக்கும் கனம். இரண்டாவது ஃபொர்தியொன்: ஒருவர் தம் பயணத்துக்கென்று எடுத்துச் செல்லும் மூட்டை, கப்பலில் ஏற்றும் சரக்கு. ‘என் சுமை இலகுவாயும் இருக்கிறது’ என்று இயேசு மத்தேயு 11:30இல் சொல்லும்போது வரும் சொல் இந்த இரண்டாவதுதான். இந்தச் சொல் வேறுபாட்டை மட்டும் நம்பிப் பெரிய உபதேசத்தைக் கட்டக்கூடாது. இரண்டு சொற்களின் பொருளும் சில இடங்களில் ஒன்றையொன்று தொடும். ஆனால் பவுலின் பேச்சு ஓடும் திசையும் அதையே காட்டுகிறது. முதலாம் வசனம் குற்றத்தில் அகப்பட்டு விழுந்துகிடப்பவனைப் பற்றியது. நான்காம் வசனம் அவனவன் தன் கிரியையைத் தானே சோதித்துப்பார்ப்பதைப் பற்றியது. விழுந்தவன்மேல் கிடக்கும் கனத்தைத் தூக்க எல்லாரும் ஓடவேண்டும். தேவனுக்கு முன்பாக நான் கொடுக்கவேண்டிய கணக்கை எனக்காக வேறொருவர் கொடுக்க முடியாது.

அந்த முதலாம் வசனத்தில் ‘சீர்பொருந்தப்பண்ணுங்கள்’ என்று வருகிறதே, மாற்கு 1:19இல் யாக்கோபும் யோவானும் படவிலே வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற இடத்திலும் மூலத்தில் அதே வினைச்சொல்தான். குருநகரிலோ பாசையூரிலோ கரையில் உட்கார்ந்து அறுந்த வலைக்கண்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பவர்களைப் பார்த்தவருக்கு இது உடனே விளங்கும். பழுதுபார்த்த வலை மறுபடியும் கடலுக்குப் போகவேண்டும். பழுதுபார்த்தவரின் மடியிலேயே கிடப்பதற்காக எவரும் வலையைச் சீர்செய்வதில்லை.

எனவே எவ்வளவு என்று கேட்பதைவிட எது என்று கேட்பது உங்களுக்கு உதவும். வலிகாமத்துத் தோட்டக்காரருக்குப் பங்குக் கிணறு தெரியும். கிணறு பலருக்குப் பொது. ஒவ்வொருவருக்கும் இறைப்புக்கு ஒரு முறை உண்டு. துலாவால், அதாவது ஏற்றத்தால், இறைத்த காலத்தில், துலாவில் ஏறி நடக்க ஒருவரும், கீழே நின்று இறைக்க ஒருவரும், பாத்திக்குப் பாத்தி தண்ணீரைத் திருப்ப ஒருவருமாகக் குறைந்தது மூன்று பேர் வேண்டும். தனி ஆளாக ஒரு தோட்டத்துக்கு இறைத்து முடிப்பது மிகக் கடினம். இருந்தும் என் முறை நாளில் நான் என் தோட்டத்துக்குப் போகாவிட்டால், பக்கத்துத் தோட்டக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் என் வெங்காயத்துக்குக் களை பிடுங்கித் தரமாட்டார். விசுவாச வாழ்வில் வேதத்தைப் போதிக்கப்படுவது, திருவிருந்து, பரிந்துபேசும் ஜெபம், தவறைக் கண்டு சொல்லும் ஒரு முகம், துக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஓர் ஆள் ஆகியவை பொதுக் கிணற்றுத் தண்ணீர். இவற்றைத் தனியே தோண்டிக்கொள்வேன் என்பது பெருமை. மனந்திரும்புதல், மன்னித்தல், கீழ்ப்படிதல், சத்தியம் என்று அறிந்ததற்கு ஆம் என்று சொல்லுதல் ஆகியவை உங்கள் தோட்டத்து வேலை. இவற்றை இன்னொருவரிடம் ஒப்படைக்க முயன்றால், அவர் எவ்வளவு பரிசுத்தவாட்டியாக இருந்தாலும் அது நடக்காது. மத்தேயு 25இல் மணவாளனுக்காகக் காத்திருந்த புத்தியுள்ள கன்னிகைகள் தங்கள் விளக்குகளின் எண்ணெயை மற்றவர்களோடு பகிர மறுத்தது கஞ்சத்தனம்போலத் தோன்றினாலும், பகிர முடியாதவையும் உண்டு என்பதை அந்த உவமை சொல்லாமல் விடவில்லை.

நம்முடைய மண்ணிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. நான் சீர்திருத்தச் சபை மரபில் வந்தவன் என்பதால் இதைத் தாழ்மையோடு எழுதவேண்டியவனாயிருக்கிறேன். 1658இல் அதே மரபினரான ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் கத்தோலிக்க குருமாரைத் தடைசெய்தார்கள். அதன்பின் ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம் இங்குள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் தங்களோடு வாழும் குரு இல்லாமல் இருந்தன. அந்த ஆண்டுகளில் செபங்கள் வீடுகளுக்குள்ளேதான் பிள்ளைகளுக்குக் கைமாறின. 1687இல் கோவாவிலிருந்து யோசவ் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்த புதிதில் கடும் வயிற்றோட்டத்தால் துன்பப்பட்டார். எழுந்து நடக்க முடிந்ததும், கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். செபமாலையைக் கண்டு எவருடைய முகம் மாறுகிறது என்று பார்த்துத்தான் தம்முடையவர்களை அடையாளம் கண்டார். பிறகு சில்லாலை அவருக்கு முக்கியமான ஊராயிற்று. 1711இல் கண்டியில் காலமான அவரை, 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக உயர்த்தினார்.

இந்தச் செய்தியில் பெரும்பாலும் வாஸ் அடிகளாரின் தைரியம்தான் பேசப்படுகிறது. என் கண் அந்த வீடுகளின்மேல் போகிறது. குரு வரட்டும், பிறகு ஜெபிக்கலாம் என்று அந்தத் தாய்மார் காத்திருந்தால், 1687இல் செபமாலையைக் கண்டு முகம் மாற அங்கே ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள். இத்தனை காலம் சமாளித்துவிட்டோம், இனிக் குரு எதற்கு என்றும் அவர்கள் சொல்லவில்லை. நற்கருணைக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் தங்களுக்கு இன்னொருவர் வேண்டும் என்பதை அவர்கள் மறக்கவில்லை. ஆபத்தென்று தெரிந்தும் கதவைத் திறந்தார்கள். அடிகளாரும் ஒவ்வொரு ஊராகப் போகும்போது, தாம் இல்லாத நாள்களில் ஜெபத்தை நடத்தவும் பிள்ளைகளுக்குப் போதிக்கவும் அந்தந்த ஊர் மூப்பரையும் அண்ணாவிமாரையும் ஏற்படுத்திவிட்டே போனார்.

இதன் சாயலை நான் என் கண்ணாலும் கண்டிருக்கிறேன். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு யுத்த இடப்பெயர்வில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தபோது எங்கள் சபையும் சிதறிப்போனது. ஒரு பாடசாலை வகுப்பறையில் ஐந்து குடும்பங்களோடு நாங்கள் ஒதுங்கியிருந்தோம். வெளிச்சத்துக்கு ஒரு ஜாம் போத்தல் விளக்கு மட்டும் இருந்தது. எங்கள் சபையின் வயது முதிர்ந்த அம்மா ஒருவர் வழியில் கண்ணாடியைத் தொலைத்திருந்தார். வேதாகமம் கையில் இருந்தும் வாசிக்க முடியவில்லை. அவர் 121ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினார். ‘எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்’ என்று அவர் ஒரு வரி சொல்ல, பக்கத்தில் படுத்திருந்த பிள்ளைகள் அதைத் திருப்பிச் சொன்னார்கள். அவர்களில் சைவப் பிள்ளைகளும் இருந்தார்கள். அன்று அந்த அறையில் போதகர் நான்தான். எனக்கு வாயைத் திறக்கவே முடியவில்லை. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, தம்முடைய மகனைப் பற்றிச் செய்தியொன்றும் வராததால் அந்த அம்மா உடைந்துபோய் அழுதார். அப்போது அவர் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளில் ஒருத்தி அருகே வந்து உட்கார்ந்து, அதே சங்கீதத்தை அவருக்குச் சொன்னாள். நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டாள். அம்மா அழுதுகொண்டே அந்த வரியை எடுத்துக் கொடுத்தார். தனித்து நிற்பது, பிறரில் தங்கியிருப்பது என்ற இரண்டையும் தராசின் இரண்டு தட்டுகளாக வைத்து என்னால் இன்றுவரை சிந்திக்க முடியாததற்கு அந்த இரவுகளே காரணம்.

என் தவறு ஒன்றையும் உங்களுக்குச் சொல்லவேண்டும். நான் ஊழியம் தொடங்கிய ஆண்டுகளில், குடியை விட்டுவிட்ட ஒருவர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் மாலையில் என்னிடம் வருவார். எந்த நண்பனோடு பேசலாம், கலியாண வீட்டுக்குப் போகலாமா, மகனைக் கண்டிக்கலாமா என்று எல்லாவற்றையும் கேட்பார். நானும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வேன். ஆரம்ப மாதங்களில் அது அவருக்குத் தேவைப்பட்டது, அதைக் குறித்து எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நான்கு ஆண்டுகள் கழிந்தும் அதே திங்கள், அதே கேள்விகள். அவருக்கு நான் தேவைப்படுகிறேன் என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி இருந்தது. அதை நான் அன்பு என்று எண்ணிக்கொண்டேன். எனக்கு இடமாற்றம் வந்தது. ஆறு மாதத்துக்குள் அவர் சபைக்கு வருவதை நிறுத்தினார், பின்னர் பழையபடி குடிக்கத் தொடங்கினார். குடிப்பழக்கத்துக்குப் பல காரணங்கள் உண்டென்று அறிவேன். முழுப் பொறுப்பும் என்னுடையதென்று சொல்லமாட்டேன். ஆனால் அவருடைய கால்களுக்குப் பலம் வரும்படி நான் ஒன்றும் செய்யவில்லை என்பது உண்மை. அப்போஸ்தலர் 8இல் பிலிப்பு எத்தியோப்பிய மந்திரி ஒருவரின் இரதத்தில் ஏறி, ஏசாயாவின் சுருளை விளக்கி, ஞானஸ்நானம் கொடுத்தபின் ஆவியானவர் அவரைக் கொண்டுபோய்விடுகிறார். மந்திரியோ சந்தோஷத்தோடே தன் வழியே போகிறான். ஒருவர் காட்டிக்கொடுக்காவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்ட அதே மனிதன்தான். நானோ திங்கள்தோறும் என்னிடம் வந்தவரின் இரதத்தை விட்டு இறங்கவேயில்லை.

ஆகவே உங்கள் அக்காவைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லாமல், பார்ப்பதற்கு ஓர் அளவுகோலை மட்டும் தருகிறேன். கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல், ‘உங்கள் விசுவாசத்திற்கு நாங்கள் அதிகாரிகளாயிராமல், உங்கள் சந்தோஷத்திற்குச் சகாயராயிருக்கிறோம்’ என்கிறார். 6 ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிட இன்று நீங்கள் வேதத்தைத் தனியே திறந்து வாசிக்கத் துணிகிறீர்களா? அக்காவின் கருத்துக்கு மாறாக ஒருமுறையாவது நடந்திருக்கிறீர்களா, நடந்தபோது அவர் முகம் எப்படியிருந்தது? வேறொரு மூப்பரிடமோ போதகரிடமோ நீங்கள் ஆலோசனை கேட்டால் அவர் மகிழ்வாரா? முகம் கோணினால், அல்லது உங்கள் கலியாணத்தையும் சம்பளத்தையும் பற்றிக் கர்த்தர் எனக்குச் சொன்னார் என்று அவர் முடித்துவிடுவாரானால், விலகி நிற்பதே நல்லது. தீர்க்கதரிசனங்களை அற்பமாய் எண்ணாதிருக்கச் சொன்ன அதே இடத்தில், எல்லாவற்றையும் சோதித்துப்பார்க்கவும் பவுல் சொல்லியிருக்கிறார். ஆனால் நீங்கள் எழுதியதிலிருந்து அவர் அப்படிப்பட்டவராக எனக்குத் தோன்றவில்லை. களைத்துப்போன ஒருவராக இருக்கலாம் என்றே நினைக்கிறேன். ஒரே கிணற்றை ஓயாமல் இறைத்தால் நம்முடைய ஊரில் தண்ணீர் உவராகிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும்.

சபைகளிடையே உண்மையாகவே கருத்து வேறுபடும் இடமும் இதில் உண்டு. கத்தோலிக்க மரபில் ஆன்ம வழிகாட்டி ஒருவரிடம் தன்னை ஒப்புவித்து நடப்பது பழமையான, பயனுள்ள ஒழுக்கம். நான் வளர்ந்த மரபு தனிமனித மனச்சாட்சிக்கும் வேத வாசிப்புக்கும் கூடிய இடம் கொடுக்கிறது. பெந்தெகொஸ்தே சபைகளில் ஜெபவீரர்களின் ஆலோசனைக்குக் கூடிய மதிப்பு உண்டு. இவற்றில் ஒன்றுதான் வேதாகமத்துக்கு ஒத்தது, மற்றவை தவறு என்று நான் சொல்லமாட்டேன். வயதுக்கும் காலத்துக்கும் ஏற்ப ஒருவருக்கே இது மாறும் என்பதையும் கண்டிருக்கிறேன். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரும், துக்கத்தில் இருப்பவரும் அதிகமாகச் சாய்ந்துகொள்வது இயல்பு.

என் எல்லைக்கு வெளியே ஒன்று இருக்கிறது. செய்த சிறு காரியமெல்லாம் பாவமோ என்ற பயம் உங்களை நித்திரைகொள்ள விடாமல், யாராவது இல்லையென்று உறுதி சொல்லும்வரை நெஞ்சு அடங்காமல், உறுதி கிடைத்து ஒரு மணித்தியாலத்தில் மறுபடியும் தொடங்குமானால், அது ஆலோசனையால் மட்டும் தீரும் காரியமாக இராமலிருக்கலாம். மார்ட்டின் லூதர் இளம் துறவியாக இருந்தபோது மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்தும் சமாதானம் அடையாமல் தவித்தார். அவருடைய துறவற சபையில் தலைவராக இருந்த ஸ்டவ்பிட்ஸ் அவரைப் பொறுமையோடு கிறிஸ்துவின் காயங்களுக்கு நேராகத் திருப்பினார். எல்லாருக்கும் ஒரு ஸ்டவ்பிட்ஸ் கிடைப்பதில்லை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் மனநல வைத்தியர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போவது விசுவாசக் குறைவென்று எவரும் சொல்ல இடங்கொடுக்காதீர்கள்.

அப்படியில்லையென்றால், இந்தப் பழக்கத்தை ஒரேயடியாக அறுக்க முயலவேண்டாம். தொலைபேசியை எடுக்குமுன் காரியத்தை ஒரு நாள் உங்களிடமே வைத்திருங்கள். ஒரு கொப்பியில், எது சரி என்று எனக்குத் தோன்றுகிறது, ஏன் தோன்றுகிறது என்று தேவனுக்கு முன்பாக இரண்டு வரி எழுதுங்கள். பிழையாக எழுதினாலும் எழுதுங்கள். அதன்பிறகு பேசும்போது, நான் என்ன செய்யட்டும் என்பதை விட்டு, நான் இப்படி நினைக்கிறேன், நான் காணாதது ஏதாவது உண்டா என்று கேளுங்கள். பெரிய முடிவானால் இன்னும் இருவரிடமும் கேளுங்கள். நீதிமொழிகள் 15:22 ஆலோசனைக்காரரை அநேகர் என்று பன்மையில்தான் சொல்கிறது. உபவாசம் போன்ற சிறியவற்றைக் கேட்காமலே செய்யுங்கள்.

அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். பெரிய விளக்கம் எதுவும் வேண்டாம். ‘ஒருவர் பாரத்தை ஒருவர்’ என்பது இரண்டு பக்கமும் ஓடும் கட்டளை, 6 ஆண்டுகளாக உங்களிடையே அது ஒரு பக்கமாகவே ஓடியிருக்கிறது. அடுத்த முறை அவரைக் காணும்போது உங்கள் கேள்வியைக் கையில் எடுக்காமல், ‘அக்கா, உங்களுக்காக நான் எதற்கு ஜெபிக்க வேணும்?’ என்று கேளுங்கள். அவர் உடனே பதில் சொல்லாமல் போகலாம். கொஞ்ச நேரம் பக்கத்தில் இருங்கள்.